அபாயத்தைச் சொல்வதும் பயமுறுத்துவதும்

பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குக் கத்தி பிடிப்பதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதை உங்கள் சீனியர்கள் சொல்லித்தருவார்கள், திட்டியாவது சொல்லித்தருவார்கள். எனக்கு எழுதத் தோன்றுவது வேறு. மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரிடம், இந்த ஆபரேஷனால் உங்களுக்கு என்னென்ன ஆகலாம் என்று எடுத்துச் சொல்கிறோமே, அந்த இருபது நிமிஷத்தைப் பற்றி. முப்பத்தோரு வருஷம் புனேயில் இந்த வேலையைப் பார்த்தேன். ஆபரேஷன் தியேட்டரில் செய்த தவறுகளைவிட அந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்த தவறுகள்தான் எனக்கு அதிகம் நினைவிருக்கின்றன.

என் நோயாளி ஒருத்தியைப் பவித்ரா என்று இங்கே அழைக்கிறேன். உண்மைப் பெயர் வேறு. எழுதட்டுமா என்று அவளைக் கேட்டேன். தாராளமாக எழுதுங்கள், ஆனால் உங்கள் தப்பையும் சேர்த்து எழுதுங்கள் என்றாள்.

முதல் முறை அம்மாவோடு வந்தாள். இருபத்தாறு வயது. புனேக்கு வெளியே சாகணில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இன்ஜினியர். வீடு புனேயிலேயே, கட்கியில். நானும் கட்கியில் வளர்ந்தவள். அம்மாவின் பேச்சைக் கேட்டதுமே வட ஆற்காட்டுப் பக்கத்துக் குடும்பம் என்று தெரிந்துவிட்டது. என் தமிழைக் கேட்டு அந்த அம்மாவுக்கும் பாதி தைரியம் வந்துவிட்டது. மகளைப் பேசவிடாமல் அவரே எல்லாவற்றையும் சொன்னார்.

"பொறந்ததுலேந்தே வலது பக்கம் இல்ல டாக்டரம்மா. இடது பக்கம் மத்தவங்களுக்கு மாதிரியே இருக்குது. தேதி வெச்சாச்சி, பொங்கல் கழிச்சிக் கல்யாணம். அதுக்குள்ள முடிச்சிக் குடுத்துடுங்க. மாப்ள வூட்டுக்குத் தெரியாது."

அவளைப் பரிசோதித்தேன். வலது பக்கம் மார்பகம் வளரவே இல்லை. அதன் அடியில் இருக்க வேண்டிய பெரிய தசையின் கீழ்ப்பகுதியும் இல்லை. தோலுக்கு அடியில் நேராக விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. வலது கையில் இரண்டு விரல்களுக்கு நடுவே பழைய தழும்பு ஒன்று. ஒட்டிப் பிறந்த விரல்களைக் குழந்தையிலேயே பிரித்திருக்கிறார்கள். இந்த இரண்டும் சேர்ந்து வருவதற்கு என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. விரலைப் பிரித்த டாக்டர் மார்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லையாம்.

உள்ளாடைக்குள் அவள் வைத்திருந்த திண்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பருத்தித் துணியில் அம்மா கையால் தைத்தது. கனம் சரியாக இருக்க உள்ளே கடுகு நிரப்பியிருந்தார். பதிமூன்று வயதிலிருந்து அவள் வளர வளரப் பெரிதாக ஒன்று, இன்னும் பெரிதாக ஒன்று என்று தைத்துக்கொடுத்திருக்கிறார். மழைக்காலத்தில் நனைந்துவிட்டால் கடுகு ஊறி வாசனை வந்துவிடும் என்பதால் கைப்பையில் எப்போதும் இன்னொன்று இருக்குமாம். நல்ல தையல். எங்கள் தையலைவிட நேர்த்தியாக இருந்தது.

இந்த இடத்தில் நான் செய்த முதல் தவறு வருகிறது. அதைப் புரிந்துகொள்ள, அதற்குச் சில வருஷங்களுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளி ஆசிரியை ஒருவருக்கு இதே குறைக்கு நான் தோலுக்கு அடியில் சிலிகான் இம்பிளான்ட் வைத்தேன். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லியே அனுப்பியிருக்கிறேன். ஆறு வருஷம் கழித்து வந்தார். இம்பிளான்டைச் சுற்றி உடம்பு கட்டிக்கொள்ளும் உறை இறுகி, மார்பு பந்து மாதிரி கெட்டியாகிவிட்டது. அந்தப் பக்கம் படுக்கக்கூட முடியவில்லை. "இப்படி ஆகும்னு நீங்க சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேன்னு சொல்லலை, தயாரா வந்திருப்பேன்" என்று மராத்தியில் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் என்னை மிகவும் சுட்டது.

அதற்குப் பிறகு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்துவிட்டேன். பவித்ராவிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். உறை இறுகலாம். கிழியலாம். கிருமி தொற்றலாம். ஒன்று வைத்தால் ஆயுளுக்கும் போதும் என்று சொல்ல முடியாது. நீ இளையவள், இன்னும் எத்தனை ஆபரேஷன் ஆகுமோ. உனக்கு மேலே மூடத் தசை இல்லை, விளிம்பு தெரியலாம். பிற்காலத்தில் மார்பகப் பரிசோதனை எடுப்பது சிக்கலாகும். அபூர்வமாக அந்த உறையில் ஒருவகைப் புற்றுநோய் வருகிறது. சோர்வு, மூட்டுவலி என்று சில பெண்கள் சொல்கிறார்கள், காரணம் எங்களுக்கே சரியாகத் தெரியவில்லை. சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் எது அடிக்கடி நடப்பது, எது அபூர்வம், எது நடந்தால் சரிசெய்யலாம், எதைச் சரிசெய்ய முடியாது என்று பிரித்துச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னேன். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று நான் விரும்பினேன். அந்த ஆசிரியைக்கு நான் பட்ட கடனை இந்தப் பெண்ணிடம் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அழுதார். மகள் அழவில்லை. திண்டை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு, "சரி டாக்டர்" என்று எழுந்துபோனாள்.

இரண்டு வாரம் கழித்துத் தனியாக வந்தாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து நேரே இறங்கி, சீருடைச் சட்டையோடு. கையில் கட்டம்போட்ட ஒரு தாள். தொழிற்சாலையில் புதிய பாகம் ஒன்றைத் தயாரிப்பதற்கு முன் இப்படி ஒரு தாள் போடுவார்களாம்: எது எது பழுதாகலாம், பழுதானால் எவ்வளவு மோசம், எவ்வளவு அடிக்கடி, பழுதானதை எப்படிக் கண்டுபிடிப்பது. நான் கொட்டியவை அத்தனையையும் வரிசையாக எழுதியிருந்தாள். எதிரே எல்லாக் கட்டமும் காலி.

"நீங்க பட்டியல் குடுத்தீங்க. மத்லப், நம்பர் குடுக்கலை. இதை நாம சேர்ந்து ரொப்பலாமா?" என்று கேட்டாள். அவள் தமிழ் இப்படித்தான், நடுநடுவே இந்தி வந்து கைகொடுக்கும்.

அன்று ஓபிடியில் காத்திருந்த நோயாளிகளை ஜூனியரிடம் விட்டுவிட்டு ஒரு மணிநேரம் அவளோடு உட்கார்ந்தேன். உறை இறுகுவது: அடிக்கடி பார்க்கிறோம், ஆபத்தில்லை, ஆனால் மறுபடி ஆபரேஷன் ஆகும். தொற்று: குறைவு, வந்தால் உடனே தெரியும். புற்றுநோய்: மிக அபூர்வம், சொரசொரப்பான மேற்பரப்பு உள்ளவற்றோடுதான் அதிகம் சேர்த்துப் பேசப்படுகிறது; வழவழப்பானதை வைத்தால் வடிவம் கொஞ்சம் உருண்டையாகத் தெரியும், அது இதற்குக் கொடுக்கும் விலை. கிழிவது என்ற வரிக்கு வந்தபோது, கண்டுபிடிப்பது எப்படி என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"உடைஞ்சா எனக்குத் தெரியுமா?"

பெரும்பாலும் தெரியாது என்றேன். வலிக்காது, வடிவமும் அப்படியே இருக்கலாம். ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும், சில வருஷத்துக்கு ஒரு முறை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், வாழ்நாள் முழுக்க. சொல்லும்போதே எனக்கு உறைத்தது: இதை இத்தனை தெளிவாக அதற்கு முன் நான் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் அந்தக் கட்டத்தைக் காட்டிக் கேட்டதும் இல்லை.

மாற்று வழிகளையும் பார்த்தோம். முதுகுத் தசையை முன்னால் கொண்டுவரலாம், ஆனால் அந்தப் பக்கம் அதுவும் மெலிந்திருந்தது. வயிற்றுக் கொழுப்பை எடுத்து ஊசியால் நிரப்பலாம், அவளிடம் எடுக்கக் கொழுப்பே இல்லை. எதுவும் செய்யாமலும் இருக்கலாம் என்றேன். அதற்கு எந்த அபாயமும் கிடையாது.

அவள் தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் "எதுவும் செய்யாவிட்டால்" என்று ஒரு தலைப்பு. அதன்கீழ் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். பள்ளியில் நீச்சல் போட்டிக்குத் தேர்வாகியும் போகவில்லை. கல்லூரி விடுதியில் இடம் கிடைத்தும் சேரவில்லை, கட்கியிலிருந்தே தினமும் லோக்கல் ரயிலில் போய்வந்தாள். பெங்களூரில் கிடைத்த வேலையை, அறையில் இன்னொரு பெண் இருப்பாள் என்பதால் விட்டாள். யாரையும் இதுவரை இறுகக் கட்டிப்பிடித்ததில்லை. கடைசி வரியைப் படித்தபோது நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இதற்கும் மதிப்பெண் போடுங்கள் டாக்டர் என்றாள். எனக்கு இதில் அனுபவம் இல்லை, நீயே போடு என்றேன்.

ஒப்புதல் படிவத்தில் செய்வதன் அபாயங்கள் மட்டும்தான் அச்சாகியிருக்கும். செய்யாமல் இருப்பதன் பக்கம் நம்மிடம் இல்லை, அது நோயாளியிடம்தான் இருக்கிறது. அவர்களாக எடுத்துக் காட்டினால் ஒழிய நமக்குத் தெரியாது. நீங்களாகக் கேளுங்கள்.

கட்டிக்கொள்ளப்போகிறவருக்குச் சொல்லாமல் இதைச் செய்வது நல்லதில்லை என்று நான் சொல்வதற்கு முன்பே, இந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லப்போகிறேன் என்றாள். கல்யாணமே வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வாய் என்றேன். அப்போது தேதி என்ற ஒரு கவலை குறையும் என்றாள். சிரிக்க முயன்றாள், வரவில்லை.

அவர் கோயம்புத்தூர்க்காரர், புனேயில் ஔந்துப் பக்கம் நண்பர்களோடு தங்கி ஐ.டி. வேலை பார்ப்பவர். அடுத்த வாரம் அவளோடு வந்தார். அறையில் நுழைந்ததிலிருந்து என் மேஜையிலிருந்த பேப்பர்வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விளக்கி முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏனுங்க டாக்டர், இத்தன நாளும் அவங்களுக்கு வலி இருந்துச்சுங்களா?"

உடம்பில் இல்லை என்றேன். தலையாட்டினார். வைப்பதும் வேண்டாம் என்பதும் அவள் இஷ்டம், எனக்காக எதுவும் வேண்டாம் என்று அவளிடமே ஏற்கெனவே சொல்லிவிட்டாராம்.

இங்கே என் இரண்டாவது தவறு. அந்தச் சமயத்தில் நான், அப்படியானால் கல்யாணம் முடியட்டும், அவசரமில்லாமல் செய்துகொள்ளலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அம்மா தேதியை விட்டு நகரவே இல்லை. மகள் அம்மாவுக்காக ஒத்துக்கொண்டாள். தேதிக்கு இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது, புண் ஆற அது போதும் என்று நான் நாள்காட்டியைப் பார்த்து ஒத்துக்கொண்டேன். நாள்காட்டியைப் பார்த்து முடிவெடுக்கும் ஆபரேஷனில் நம் கை நம்முடையதாக இருப்பதில்லை.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. பதினோராம் நாள் காலையில் காய்ச்சலோடு வந்தாள். வலது பக்கம் சிவந்து சூடாக இருந்தது. தையலைச் சுற்றி மினுமினுப்பு.

உங்களுக்கு இந்த இடம் வரும். எல்லோருக்கும் வரும். இம்பிளான்டை எடுத்துவிடுவதா, நரம்பு வழியாக மருந்தைக் கொடுத்து ஒரு நாள் பொறுப்பதா? சில சமயம் பொறுத்தால் காப்பாற்றிவிடலாம், நானே காப்பாற்றியிருக்கிறேன். எடுத்துவிட்டால் குறைந்தது ஆறு மாதம் எதுவும் செய்ய முடியாது, கல்யாணம் தாண்டிவிடும். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு நாள் பாருங்க டாக்டரம்மா. ஒரே ஒரு நாள்." பொறுப்போம் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். என் காரணங்களெல்லாம் மருத்துவக் காரணங்களாகத்தான் எனக்கே கேட்டன. இன்று யோசித்தால், அதில் பாதி அந்த அம்மாவின் பிடி, மீதி என் கௌரவம்.

கட்டிலில் படுத்திருந்த பவித்ரா தாளை எடுக்கச் சொன்னாள். கைப்பையிலேயே இருந்தது. தொற்று என்ற வரியில், நாங்கள் இருவரும் பேசி அவள் எழுதியது: சிவப்பும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் எடுத்துவிடுவது; தேதியைப் பார்ப்பதில்லை.

"காய்ச்சல் இல்லாத அன்னிக்கு யோசிச்சு எழுதினது இது, டாக்டர். இன்னிக்கு எனக்குக் காய்ச்சல். இன்னிக்கு நான் யோசிக்கிறதையும் நம்ப வேணாம், அம்மா சொல்றதையும் கேக்க வேணாம்."

என்னைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. மரியாதைக்காக விட்டுவிட்டாள் என்று நினைக்கிறேன்.

மதியத்துக்குள் எடுத்தோம். இம்பிளான்டைச் சுற்றிச் சீழ் கோத்திருந்தது. மேலே மூடியிருந்தது மெல்லிய தோல்; இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் அதை இழந்திருப்போம், பிறகு திரும்ப வைப்பதற்கே வழி இருந்திருக்காது. கழுவி, வடிகுழாய் வைத்து மூடினேன். அன்று அந்த முடிவை எடுத்தது நான் இல்லை என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

கல்யாணம் குறித்த தேதியில் கட்கியில் நடந்தது. போயிருந்தேன். பட்டு ரவிக்கைக்குள் அம்மா புதிதாகத் தைத்துக் கொடுத்த கடுகுத் திண்டு. எனக்கும் அவளுக்கும் அம்மாவுக்கும் மாப்பிள்ளைக்கும் மட்டுமே தெரியும். அம்மா எல்லோரையும் வரவேற்றார், என்னைக் கண்டதும் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். கோபம் என்று நினைத்தேன். சாப்பிட்டுவிட்டுச் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டேன். இதுவும் தவறுதான், ஏன் என்று பின்னால்தான் தெரிந்தது.

ஒன்றரை வருஷம் கழித்துப் பவித்ரா மறுபடி வந்தாள். திரும்ப வைக்கலாமா என்று கேட்டாள். எனக்கு ஆச்சரியம். கணவர் ஏதாவது சொன்னாரா என்றேன். அவர் இப்படியே நன்றாக இருக்கிறாய் என்கிறார், அதனால்தான் நிதானமாக யோசிக்க முடிந்தது என்றாள். "அப்போ பாதி எனக்கு, பாதி தேதிக்கு. இப்போ முழுசும் எனக்குத்தான். மறுபடி நீச்சலுக்குப் போகணும் டாக்டர், இந்தத் திண்டோட தண்ணியில இறங்க முடியலை." பழைய தாளில் தொற்று வரியை அடித்து, ஒரு முறை வந்தவளுக்கு மறுபடி வரும் வாய்ப்பு சற்று அதிகம் என்று புதிதாக எழுதி வந்திருந்தாள். சேர்ந்து மறுபடி எல்லாக் கட்டத்தையும் பார்த்தோம். இந்த முறை எந்தத் தேதியும் இல்லை. அவளுக்கு லீவு கிடைத்த ஒரு செவ்வாய்க்கிழமை செய்தோம்.

முடித்துவிட்டு வெளியே வந்தேன். தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார். மருமகன் மருந்து வாங்கப் போயிருந்தார். எல்லாம் நன்றாக முடிந்தது என்றேன். கைகூப்பினார். நான் திரும்பும்போது முந்தானையைப் பிடித்து இழுப்பதுபோல ஒரு குரலில், "டாக்டரம்மா, ஒண்ணு கேக்கலாமா?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இவ வயித்துல இருக்கும்போது எங்க வூட்டுக் கட்டில் ரொம்ப சின்னது. அவரு நைட் ஷிப்ட் முடிச்சி வந்து படுப்பாரு. எழுப்பக் கூடாதுன்னு நான் செவுத்து ஓரமா ஒருக்களிச்சிப் படுத்துக்குவேன். பத்து மாசமும் வலது பக்கமாவே படுத்துக்கினு இருந்தேன். நசுங்கிப் போய்ட்டுதில்ல? என்னாலதான?"

இருபத்தெட்டு வருஷமாக அந்த அம்மா இதைச் சுமந்திருக்கிறார். எத்தனையோ டாக்டர்கள் குழந்தையின் விரலைப் பார்த்திருக்கிறார்கள், மார்பைப் பார்த்திருக்கிறார்கள். நான் மணிக்கணக்கில் மகளோடு தாளில் கட்டம் நிரப்பியிருக்கிறேன். தேதி தேதி என்று ஏன் அப்படித் துடிக்கிறீர்கள் என்று ஒரு முறைகூட அவரைக் கேட்டதில்லை. கல்யாணத்தில் தலையைக் குனிந்தது கோபத்தால் அல்ல. தன்னால் வந்ததைச் சரிசெய்யக் கிடைத்த வாய்ப்பும் கைநழுவிவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

தமிழில் எவ்வளவு எளிமையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு எளிமையாகச் சொன்னேன். "நீங்க எதுவும் பண்ணலைம்மா. கரு உண்டான கொஞ்ச வாரத்துலயே, அந்தப் பக்கம் ரத்தம் சரியாப் போகாததால இப்படி ஆகுதுன்னு நினைக்கிறோம். குழந்தை அப்ப ஒரு ராஜ்மா கொட்டை அளவுதான். நாள் தள்ளிப்போச்சு, இருக்குமோ இருக்காதோன்னு நீங்க யோசிச்சிக்கிட்டு இருந்த சமயம். நீங்க எந்தப் பக்கம் படுத்தீங்கன்னு அதுக்குத் தெரியவே தெரியாது."

திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். மூன்றாவது முறையும் கேட்டார். அதையும் சொன்னேன். பிறகு முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார். நான் எழுந்து போகவில்லை. அடுத்த கேஸ் காத்திருக்கிறது என்று இரண்டு முறை ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாலையில் வார்டுக்குப் போனபோது பவித்ராவுக்கு மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. அம்மா எனக்கு முன்பே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவள் கண்ணை மூடியபடியே, வார்த்தைகளைத் தேடித் தேடி அம்மாவைக் கேட்டாள்.

"அதுக்குத்தானா... சின்ன வயசுலேந்து நான் ஒருக்களிச்சுப் படுத்தா தட்டி எழுப்பி நேரா படுக்க வெப்பே?"

அம்மா ஆமாம் என்று தலையாட்டினார். மகள் கண்ணைத் திறக்கவில்லை. தையல் இல்லாத பக்கத்துக் கையை நீட்டினாள், அம்மா அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

சற்று நேரம் கழித்து, எப்போதிலிருந்து ஒருக்களித்துப் படுக்கலாம் என்று என்னைக் கேட்டாள். ஆறு வாரம் போகட்டும் என்றேன். எந்தப் பக்கமாக என்று அவள் அம்மா கேட்டார். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் படுக்கலாம் என்றேன்.